மோட்டார் கொட்டகைக்குப் பின்புறம்

வீதி நாடகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முகாமுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கால் மணி நேரம் பேசினாலே இப்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மைக் இல்லாமல் பஸ் சத்தத்துக்கு மேலே கத்திப் பிழைத்த தொண்டை. அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் எழுதியது. உங்களில் யாராவது ஒருவர் உரக்கப் படியுங்கள்.

நான் ஓரிடத்தில் நிற்காதவள். திண்டிவனத்தில் சித்தாள் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, நெல்லூர்ப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட், ஆரோவில்லில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என்று சுற்றியிருக்கிறேன். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அதிலும் நிற்கவில்லை. சில இடங்களில் என்னை அனுப்பிவிட்டார்கள். சில இடங்களில் நானே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாடகக் குழுவில் மட்டும் இருபத்தாறு வருஷம் இருந்தேன். குழுவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால் நான் தனியாகக் கிளம்ப வேண்டிய தேவை வரவில்லை.

குரலை எப்படித் தூக்குவது, வட்டத்துக்குள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது, பறைக்கு எப்படி அடியெடுத்து வைப்பது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தத் தப்புக்குப் பலமான கைதட்டல் கிடைத்தது. அதனால்தான் அது தப்பு என்று தெரிய எனக்கு மூன்று நாளாயிற்று.

எங்கள் குழுவில் எழுதிவைத்த நாடகம் கிடையாது. ஒரு பிரச்சினையை எடுத்தால் அந்த ஊருக்குப் போய் ஜனங்களோடு பத்து நாள் இருப்போம். அவர்கள் செய்கிற வேலையைச் செய்துகொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்போம். கதை எடுப்பது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். பிறகு வந்து உட்கார்ந்து நாடகம் கட்டுவோம். குழுவை நடத்தியவரை எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம். பறை அடித்தவர் ஆரோக்கியம். ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் நானும் இன்னொருத்தியும்.

அந்த வருஷம் மரக்காணம் உப்பளத்தில் கதை எடுக்கப் போனோம். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க நிழல் இல்லை என்பதுதான் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பிரச்சினை. ஒரு பெண்கள் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துகொண்டுபோய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். ஈர உப்பு நிறைந்த கூடையை ஒருத்தி தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே இன்னொருத்தி நின்று கை கொடுத்தால்தான் ஏறும். பச்சையம்மா என்பவளுக்கு ஜோடி, வயதில் மூத்த குப்பக்கா. இவளுக்கு அவர் தூக்கிவிடுவார். அவருக்கு இவள் தூக்கிவிடுவாள். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே இதைச் செய்வார்கள்.

"கூடைய நேராப் புடிடி. கல்யாணத்துல மாலை மாத்துற மாதிரி வெக்கப்பட்டுக்கினு நிக்கிற."

"உன் மூஞ்சிய எதுர்க்கப் பாத்தா வெக்கமா வரும்? பயம்தான் வருது."

நான் அரைக் கூடைதான் சுமந்தேன். அதற்கே கழுத்து இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் வெயில் உச்சிக்கு வந்தபோது எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். பாத்தி, வரப்பு, உப்பு. அந்தப் பக்கம் ஈ.சி.ஆர். ரோடு. ஓர் ஆள் மறைய ஒரு செடிகூடக் கிடையாது. நான் நெளிவதைப் பச்சையம்மா பார்த்துவிட்டாள்.

"யக்கா, உன் வெத்தலப் பைய எங்கியோ வெச்சிட்ட போல இருக்குது?"

"எனக்கு வெத்தலப் பழக்கமே இல்லியே."

பதினோரு பேரும் சிரித்தார்கள். பச்சையம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். மேஸ்திரியைப் பார்த்து, "மேஸ்திரி, வெத்தலப் பைய அங்க வுட்டுட்டோம், எடுத்தாறோம்" என்று குரல் கொடுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை அசைத்தார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்புறம், சுவருக்கும் ஒரு பழைய பனையோலைக் குவியலுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. மழைக்காலத்தில் உப்பு அம்பாரத்தை மூடி, பிறகு கழித்துப் போட்ட ஓலைகள். யாருக்கும் சந்தேகம் வராதபடி பல வருஷமாக ஒவ்வோர் ஓலையாகக் கொண்டுவந்து அந்த மறைப்பை அவர்களே கட்டியிருக்கிறார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று இருமிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் காவல். அதுவும் எல்லாரும் அடிக்கடி போக முடியாது. போனால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் காலையில் கஞ்சி குடித்ததோடு சரி. அப்புறம் வேலை முடியும்வரை வாயை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"தண்ணி குடம் இருந்தாலும் குடிக்க மாட்டோம்" என்றாள் பச்சையம்மா. "குடிச்சா எங்க போறது?"

குப்பக்காவுக்கு அந்த மாதம் முழுவதும் நீர்க்கடுப்பு. அதைப் பல்வலியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இதுதான் நாடகம் என்று தோன்றியது. என்னை நம்பி அந்த இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்பதைவிட, எவ்வளவு நல்ல காட்சி கிடைத்திருக்கிறது என்பதுதான் முதலில் மனசில் வந்தது. இதை உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை.

நாடகம் கட்ட உட்கார்ந்தபோது நான் அதைச் சொன்னேன். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "இதாம்மா! கண்ணீர் விட்டா ஜனங்க நகந்துடுவாங்க. சிரிச்சாங்கன்னா நிப்பாங்க. நீயே பண்ணு" என்றார். பண்ணினேன். பச்சையம்மாவின் நடை, அவள் இடுப்பில் கைவைத்து மேஸ்திரியைக் கூப்பிடும் விதம், வெற்றிலைப் பை, கொட்டகை, ஓலை, இருமல் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவைத்தேன். நடிக்கிறவளுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. பார்த்ததை அப்படியே இறக்கிவைப்பதில் எனக்கு நிகர் எங்கள் குழுவில் யாரும் இல்லை.

மரக்காணம் கடைத்தெருவில் ஒரு சாயங்காலம் முதல் காட்சி போட்டோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வெற்றிலைப் பைக் காட்சியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில், "குடிச்சா எங்க போறது?" என்று நான் கேட்டு முடித்தேன். அப்புறம் கைதட்டல். முன் வரிசையில் மேஸ்திரி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். மேஸ்திரியையே சிரிக்கவைத்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. யாரோ அந்தக் காட்சியைச் செல்போனில் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தார்கள். புதுச்சேரியில் ஓர் அரங்கத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் எங்களிடம் வந்து போடுங்கள், வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள் என்று சொன்னார்கள்.

நாடகம் போட்ட பிறகு கதை கொடுத்தவர்களிடம் திரும்பிப் போய் எப்படி இருந்தது என்று கேட்பது எங்கள் வழக்கம். மூன்றாம் நாள் காலையில் உப்பளத்துக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன்.

யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குப்பக்காதான் முதலில் பேசினார்.

"வாம்மா நடிகை. இன்னைக்கு எதக் காட்டப் போற? எங்க வூட்டுப் பின்பக்கம் ஒரு மறைப்பு கீது. அதையும் பாத்துக்கினு போய் ஊருக்குக் காட்டு."

எனக்குப் புரியவில்லை. அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். பனையோலைக் குவியலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தது. அதில் இரண்டு ஆண்கள் படுத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நாடகம் பார்த்த மறுநாளே மேஸ்திரி ஓலையை அள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம். "வேலை நேரத்துல எல்லாரும் இங்கதான் வந்து குந்திக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் எந்தப் பெண் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பாத்தியிலிருந்து ஒரு குரல் வரும். "வெத்தலப் பையா?" உடனே எல்லா ஆண்களும் சிரிப்பார்கள்.

எத்தனையோ வருஷம் அவர்கள் ஓலை ஓலையாகச் சேர்த்துக் கட்டியதை நான் இருபது நிமிஷ நாடகத்தில் பிரித்துப்போட்டிருந்தேன்.

அப்போதுதான் பச்சையம்மாவைப் பார்த்தேன். மற்றவர்களிடமிருந்து விலகி, தூரத்து வரப்பில் தனியாக இருந்தாள். கூடையை நிரப்பி ஒரு மண்மேட்டின் மேல் வைத்துவிட்டு, அதற்குக் கீழே முட்டி போட்டுத் தலையைக் கொடுத்து எழ முயன்றுகொண்டிருந்தாள். கூடை சாய்ந்து உப்பு கொட்டியது. மறுபடி அள்ளினாள். பத்துப் பேரில் ஒருத்திகூட அவளுக்குக் கை கொடுக்கவில்லை. வெளியாளைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டியவள் அவள். தண்டனை அவளுக்கு. சுமக்காதவளுக்கு அங்கே வேலை இல்லை. மேஸ்திரி இரண்டு நாள் பார்த்துவிட்டு, இப்படியே போனால் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தேன்.

"தொடாத யக்கா."

"தூக்கி வுடறேன், புடி."

"நீ இன்னைக்குத் தூக்கி வுட்டுட்டு பஸ் ஏறிப் பூடுவ. நாளைக்கு யாரு தூக்கி வுடுவா?"

பனியன் கம்பெனியில் மெஷின் ஊசி என் விரலுக்குள் போனதுண்டு. அன்றைக்கு அந்த உப்பளத்தில் பட்டதை அதோடு ஒப்பிட மாட்டேன்.

மனசு பதறும்போது நமக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கை தேடும். எனக்குத் தெரிந்தது நாடகம். "இங்கியே, இந்த வரப்பு மேலயே ஒரு நாடகம் போடறோம். மேஸ்திரிய நாறடிச்சிடறோம்" என்று சொன்னேன்.

பச்சையம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மொத நாடகத்துலதான் மறைப்பு போச்சி. ரெண்டாவதுல வேலையும் போவட்டும்ன்றியா?"

குப்பக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு வரப்பு தள்ளியிருந்தாலும் அவர் காதுக்கு எல்லாம் எட்டும். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்குக் கடைத்தெருவுல நீ மொதல்ல ஒரு புடவ கட்டியிருந்த. அப்பால வேற புடவைல வந்த. நடுத்தெருவுல எங்க நின்னு மாத்துன?"

எங்களிடம் ஒரு படுதா இருந்தது. கோட்டக்குப்பத்துத் தையல்கார பாய் ஒருவர் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தது. அதை நாலு சவுக்குக் கழியில் நான்கு பக்கமும் சுற்றிக் கட்டுவோம். அதற்குள் நின்றுதான் நானும் இன்னொருத்தியும் உடை மாற்றுவோம். எந்த ஊருக்குப் போனாலும் வண்டியிலிருந்து முதலில் இறங்குவது அதுதான். வெளிப்பக்கம் நாடகத்தின் பெயரை ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தோம். அந்த நாடகத்தின் பெயர் "நாங்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?"

"படுதா இருக்குது" என்றேன்.

"உனக்கு மட்டும் நடுத்தெருவுல மறைப்பு இருக்குது. அதக் கொண்டாந்து இங்க கட்டு" என்றார் குப்பக்கா.

நான் அன்றைக்கே குழு தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். படுதா வேண்டும் என்றேன். அண்ணன் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்.

"நாலு நாள்ல புதுச்சேரி ஷோம்மா. படுதா இல்லாம எப்படி?"

"அந்தக் காட்சியும் கிடையாதுண்ணா. நான் அதை இனிமே பண்ண மாட்டேன்."

"அந்தக் காட்சிக்காகத்தான் கூப்பிட்டிருக்காங்க! அதை எடுத்துட்டா நாடகத்துல என்னா இருக்குது? ஒரு கொட்டகைக்காகவா நாம நாடகம் போடறோம்? எல்லா உப்பளத்துக்கும் சேர்த்துப் பேசறோம்."

அண்ணன் கெட்டவர் இல்லை. அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தவர். தன் வாட்சை விற்று எங்களுக்குச் சோறு போட்டவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு வாதாடத் தெரியவில்லை. "எல்லா உப்பளத்துக்கும் பேசலாம்ணா. அந்தப் பதினோரு பேரு இப்ப எங்க போறது?" என்று மட்டும் கேட்டேன். ஆரோக்கியம் அதுவரை பறைத்தோலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போய் நாலு கழிகளையும் தோளில் வைத்துக்கொண்டு, "வா சரோஜா, வெயில் ஏறுறதுக்குள்ள குழி தோண்டணும்" என்றார். ஆரோக்கியம் போய்விட்டால் பறை இல்லை. பறை இல்லாவிட்டால் நாடகம் இல்லை. அண்ணன் படுதாவைத் தானே மடித்து என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார். ஆனாலும் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை.

உப்பளத்து மண்ணில் கழி நிற்காது. ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். ஆரோக்கியமும் நானும் திணறுவதைப் பார்த்து முதலில் பெண்கள் சிரித்தார்கள். கடல் காற்று படுதாவைப் பாய்மரம்போல் உப்பிப் பறக்கவைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் வரப்பில் இழுபட்டு ஓடினேன். அப்போது அவர்கள் சிரித்த சிரிப்பில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். சாக்கில் ஈர மண்ணை நிரப்பி ஒவ்வொரு கழியின் காலிலும் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று காட்டினார்கள். கழிகள் நின்றன.

மேஸ்திரி வேகமாக வந்தார்.

"யாரக் கேட்டு நட்டீங்க இத? இன்னா இது?"

தூர வரப்பில் இருந்த பச்சையம்மா நடந்து வந்தாள்.

"நாடகம் பாத்து நீங்கதான் அப்பிடிச் சிரிச்சீங்க மேஸ்திரி. உங்களுக்குப் புடிச்சிருக்குதேன்னு இங்கியே படுதா கட்டிட்டோம்."

பாத்தியில் நின்ற ஆண்களில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். இந்த முறை சிரிப்பு மேஸ்திரிமேல் விழுந்தது. அவர் முதலாளிக்கு போன் போட்டார்.

நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தது. உப்பளம் தட்டையான நிலம். ஈ.சி.ஆர். ரோட்டில் போகிறவர்கள் உப்பு அம்பாரத்தைப் படம் எடுக்க வண்டியை நிறுத்துவார்கள். அன்றைக்கு நிறுத்தியவர்கள் கண்ணில் ஆள் உயர எழுத்துப் பட்டது. நாங்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? சில பேர் வரப்பில் இறங்கி வந்து, "ஏம்மா குடிக்கிறது இல்ல?" என்று நேராகவே கேட்டார்கள். கடைத்தெருவில் நாங்கள் ஏழு பேர் தொண்டை கிழியக் கத்தினோமே, அதற்கு யாரும் வந்து இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். மோட்டார் சைக்கிளை வரப்பின் முனையில் நிறுத்திவிட்டு, படுதாவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அங்கே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார். வெளியாள் என்று என் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

"நீங்க கொஞ்சம் வெவரமானவங்களாத் தெரியறீங்க. மொதல்ல அத அவுத்துடுங்க. அப்பறம் இன்னா வேணும்னு நீங்களே சொல்லுங்க, பேசலாம்."

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என்னிடம் வசனம் தயாராக இருந்தது. நாடகத்தின் கடைசியில் முதலாளி வேஷம் போட்டவரைப் பார்த்து நான் பேசும் வசனம் மூன்று நிமிஷம். அதற்குக் கைதட்டாத ஊரே இல்லை. இதோ நிஜ முதலாளி எதிரில் நிற்கிறார், பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்துவிட்டேன். முதல் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

ஏற்கெனவே ஒரு தடவை அவர்களுக்காகப் பேசியிருக்கிறேன். அதன் பலனைக் கயிற்றுக் கட்டிலாகப் பார்த்தாயிற்று.

வாயை மூடிக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாங்க. அவங்களக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பச்சையம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேஷம் எனக்கு அமைந்ததில்லை.

பச்சையம்மா தொண்டையைச் செருமினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாலு சுவரு, மேல கூரை, ஒரு கதவு. கட்டிக் குடுங்க. அன்னைக்கு நாங்களே அவுத்துத் தர்றோம்."

"அதுக்குத்தான் சொல்றேன். மொதல்ல அவுருங்க, கட்டறத பத்தி யோசிக்கலாம்."

"யோசிக்கிற வரைக்கும் இது இருக்கட்டுங்க."

"ரோட்டுல போறவன்லாம் போட்டோ புடிக்கிறான்!"

"புடிக்கட்டுங்க. உள்ள யாரு இருக்கான்னு தெரியாது இல்ல? எங்களுக்கு அது போதும்."

எங்கள் நாடகத்தில் இப்படி ஒரு வசனம் இல்லை. எங்களால் எழுதியிருக்கவும் முடியாது.

முதலாளி மேஸ்திரியைத் திட்டினார், அப்புறம் எங்களைத் திட்டினார், போலீசுக்குச் சொல்வேன் என்றார். பெண்கள் யாரும் அசையவில்லை. ஒரு வண்டி ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. கடைசியில் அவர், "ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார். பத்துப் பேருக்கும் பின்னால் நின்ற குப்பக்கா கத்தினார்.

"தாப்பா உள்பக்கம் வெக்கணும்! வெளியில வெச்சிட்டுப் பூடப் போறீங்க!"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அவர் போனதும் எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். பச்சையம்மா தன் வரப்புக்குப் போய்க் கூடையை நிரப்பினாள். மண்மேட்டின் மேல் தூக்கிவைக்கப் போனாள். குப்பக்கா தன் கூடையைப் போட்டுவிட்டுப் போய் அவள் எதிரே நின்றார்.

"வாய் மட்டும் நல்லா கீது. கூடைய யாரு தூக்கறது? புடிடி."

பச்சையம்மா பிடித்தாள். கூடை ஏறியது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கூடைக்கடியில் இருக்கும் முகத்தைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை.

புதுச்சேரி அரங்கத்தில் அந்த வாரம் படுதாவும் இல்லாமல், அந்தக் காட்சியும் இல்லாமல் நாடகம் போட்டோம். நன்றாக இல்லை. கூப்பிட்டவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். அப்புறம் அந்த அரங்கத்திலிருந்து எங்களை யாரும் கூப்பிடவில்லை. நானும் இன்னொருத்தியும் பாத்ரூமில் போய்ப் புடவை மாற்றினோம். அங்கே கதவு இருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாளும் இருந்தது. அதைப் போட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

முதலாளி கேட்ட ஒரு வாரம் மூன்று வாரமாகியது. ஹாலோ பிளாக் சுவர், சிமென்ட் ஷீட் கூரை, தகரக் கதவு. படுதாவைத் துவைத்து, மடித்து, பதினோரு பேரும் குழு தங்கியிருந்த இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணன் அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். "நாங்க இந்த நாடகத்த உங்க முன்னாடி ஒருவாட்டி பண்ணிக் காட்டறோம். எது வேணாம்னு சொல்றீங்களோ அத எடுத்துடறோம்" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு அவர்களுக்கு மட்டும் நடித்தோம். இரண்டு இடத்தை வெட்டச் சொன்னார்கள். வெயிலில் உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கண் கூசுவதைப் பற்றி நாங்கள் வைத்திருந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரியெல்லாம் நாங்க அழுவ மாட்டோம்பா" என்றார் குப்பக்கா. அதையும் எடுத்தோம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று குப்பக்கா முதலாளியிடம் கத்தியதை நாங்கள் புதிதாகச் சேர்த்திருந்தோம்; அதை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காட்சியை மரக்காணம் முதல் கடலூர் வரைக்கும் போட்டிருக்கிறோம். பார்த்துவிட்டு வேறு இரண்டு உப்பளங்களில் பெண்கள் போய்க் கேட்டார்கள். ஓரிடத்தில் கிடைத்தது. இன்னோரிடத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் அதுவே முறையாகிவிட்டது. கதை கொடுத்தவர்கள் பார்த்துச் சம்மதிக்காமல் எந்த நாடகமும் தெருவுக்குப் போகாது. அவர்கள் வெட்டினால் வெட்டியதுதான். உங்களுக்கு இது பெரிய தொந்தரவாக இருக்கும். நல்ல நல்ல காட்சியெல்லாம் போகும். போகட்டும். நாம் நாடகத்தை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறோம். அவர்கள் மறுநாள் காலையில் அதே மேஸ்திரியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எனக்கு வாழ்க்கையில் படிப்பு வாய்க்கவில்லை, வீடு வாய்க்கவில்லை. என்மேல் கோபப்படும் உரிமையோடு என்னிடம் பேசிய பதினோரு பேர் வாய்த்தார்கள். என்னை விரட்டிவிடாமல், இதைச் செய் என்று ஒரு வேலை சொன்னார்கள். தோளில் கழியை வைத்துக்கொண்டு வந்த ஆரோக்கியத்துக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டே துணியைக் கொடுத்த அண்ணனுக்கும் நான் கடமைப்பட்டவள். இரண்டு பேரும் இப்போது இல்லை.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் மரக்காணம் போனேன். பச்சையம்மாவுக்கு முடி பாதி நரைத்துவிட்டது. இப்போது கூடை சுமப்பதில்லை. உப்பை மூட்டை பிடிக்கும் இடத்தில் சாக்குத் தைக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னேன். யோசித்தாள்.

"நாடகத்துல வேணாம். புதுசா வந்த புள்ளைங்களுக்குன்னா சொல்லு. ஆனா என் பேரப் போடாத. இடத்தையும் மாத்திச் சொல்லு."

அதனால் பெயர்களும் இடமும் நான் வைத்தவை. அந்த மறைப்பு உண்மையில் எதற்குப் பின்னால் இருந்தது என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

பேசி முடித்ததும் அவள் பக்கத்திலிருந்த பெரிய பாட்டிலை எடுத்தாள். நடுப்பகல். அண்ணாந்து, மூச்சு விடாமல், கழுத்து ஏறி இறங்கக் குடித்தாள். பாதி பாட்டில் காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன்.

"இரு யக்கா, வந்துடறேன்" என்று எழுந்தாள். சுற்றிலும் ஆண்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல், அவர்கள் நடுவிலேயே நடந்துபோனாள். தகரக் கதவு சாத்தும் சத்தமும், தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன.

அவள் திரும்பி வரச் சற்று நேரம் ஆயிற்று. நான் உட்கார்ந்திருந்தேன்.